அவரைத் தொட்டியில் முட்டை ஓடு

மயிலாப்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டை மாடியில் அவரை, கத்தரி, வெண்டை எல்லாம் போட்டவள் நான். எழுபதுகளின் தொடக்கம் அது. முன்கட்டில் வீட்டுக்கார மாமாவும் மாமியும், பின்கட்டில் நானும் என் கணவரும். அவருக்கு தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை.

நாங்கள் தெற்கத்திக்காரர்கள், கறி மீன் தின்று வளர்ந்தவர்கள். குடிவந்த அன்றே மாமி சொல்லிவிட்டாள்: முட்டைகூட இந்த வீட்டுக்குள் வரக்கூடாது, வந்தால் காலி பண்ண வேண்டியதுதான். நான் ஏழு மாசக் கர்ப்பிணி. டாக்டரம்மா தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொல்லியிருந்தாள். வீடு போய்விடும் என்று நான் தொடவே இல்லை.

உடைந்த சிமெண்ட் தொட்டி ஒன்றில் இரண்டு வீட்டுச் சமையலறைக் குப்பையையும் போட்டு மக்கவைப்பேன். மாமி வீட்டு வாளியில் காய்த்தோலோடு இங்கிலீஷ் பேப்பர் பொட்டலங்களும் இருக்கும். காப்பி மண்டிதான் என்று நினைத்துப் பிரிக்காமலே தள்ளிவிடுவேன். பேப்பரும் மக்கும்தானே.

ஒருநாள் எருவைக் கிளறி அவரைக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காய் பறிக்க வந்த மாமி அலறினாள்.

"என்னடியம்மா இது, முட்டை ஓடு! பகவானே, இந்த அவரைக்காயையா நான் நைவேத்யத்துக்குப் பண்ணிண்டிருந்தேன்?"

எருவில் வெள்ளை வெள்ளையாக ஓடு.

"சத்தியமா எங்களுது இல்ல மாமி."

"பின்ன என்னோடதா? நாளைக்கே சாமானைக் கட்டு!"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தொட்டியில் கைவிட்டேன். மேலாக, ஈரம்கூடக் காயாத பொட்டலம். பிரித்தால் உள்ளே இரண்டு ஓடு.

"எங்க வீட்ல பேப்பரே வாங்கறதில்ல மாமி. அதுவும் இங்கிலீஷ்ல!"

சத்தம் கேட்டு மாமா மாடிப்படி ஏறி வந்திருந்தார். பொட்டலத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"டாக்டர்தான் சொன்னார்… பால்ல கலந்து குடிக்கச் சொல்லி."

மாமி விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்விட்டாள். நம் தலை தப்பியது என்று நினைத்தேன். மடத்தனம்!

மறுநாள் காலை பின்கட்டு வாசலில் வந்து நின்றாள். "நீங்க வேற வீடு பாத்துக்கோங்கோ. விஷயம் தெரிஞ்சவா மூஞ்சில தினம் எப்படி முழிக்கறது?"

முட்டை தின்றது அவள் புருஷன். தெருவில் நிற்க வேண்டியது நான், வயிற்றுப் பிள்ளையோடு! திருவான்மியூரில் ஓர் ஓட்டு வீடு கிடைத்தது. சாமான் ஏற்றும்போது மாமி சொன்னதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

"செடியையெல்லாம் விட்டுட்டுப் போ. அவரை நன்னா காய்ச்சிண்டிருக்கு."

வண்டியை நிறுத்தி வைக்கச் சொன்னேன். மூச்சு வாங்க மாடி ஏறினேன். காய், பிஞ்சு, பூ, ஒன்று விடாமல் பறித்து முந்தானையில் கட்டிக்கொண்டுதான் இறங்கினேன்.