சிரட்டையில் வந்த மரவாழை

எஸ்டேட்டை விட்டு, மலைமுகட்டிலிருக்கும் கம்பம்மெட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். காடு வெட்டும் வேலை முடிந்துபோனதால் கங்காணி எங்களைப் போகச் சொல்லிவிட்டார். மலையிறங்கிக் கம்பத்தில் பிழைப்புத் தேடலாம் என்று எண்ணியிருந்தேன். தோளில் கம்பளி, கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மரவாழைச் செடி, ஆர்க்கிட் என்பார்களே, அதுதான்.

காட்டில் வெட்டிச் சாய்த்த ஒரு மரத்தின் கிளையில் இந்த மரவாழைகள் ஒட்டியிருந்தன. கூலியாட்கள் தங்கும் லயத்தில் என்னோடு பேச ஆளில்லை. நாலைந்தை எடுத்துவந்து வளர்த்தேன். நாற்று நட்டுப் பழகிய புத்தி. மண்ணும் சாணியும் போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றைத் தவிர எல்லாம் அழுகிவிட்டன. மிஞ்சியதைப் பிடுங்கி, கெட்ட வேரைக் கிள்ளிவிட்டு, ஓட்டை போட்ட சிரட்டையில் கரித்துண்டும் மரப்பட்டையும் வைத்து மாற்றினேன். அது புதுவேர் விட்ட அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. 

மெட்டில் கஞ்சி விற்ற அம்மாள் சிரட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னண்ணே, புல்லுருவியப் போயி பிள்ளை மாதிரி தூக்கிட்டு வாறீக?"

"புல்லுருவி இல்லம்மா. மரத்துல உக்காந்திருக்கும், மரத்தைத் தின்னாது."

"அப்ப எங்க வீட்டுக்காரரை விட நல்லதுதான். ஆனா கீழ கொண்டுபோனா கம்பத்து வெயிலு கருக்கிப்புடும்."

கீழே பார்த்தேன். சமவெளி வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அங்கேயும் எனக்கென்று யாருமில்லை. அன்று அவள் கடைத் தாழ்வாரத்திலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மெட்டிலேயே ஏலக்காய் உலர்த்தும் களத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். களத்தோரப் பலாமரத்து நிழலில் சிரட்டையைக் கட்டிவிட்டுத்தான் முதல் சாக்கை அவிழ்த்தேன்.