சக்களத்திக்கு ஆண்பால்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நானும் என் மனைவியும் போக்கர் சீட்டாட்டம் ஆடுவோம். ஊரடங்கில் பொழுது போகாமல் நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். பணம் கிடையாது, பந்தயமெல்லாம் மல்லாட்டைதான். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சிங்கவரத்திலிருந்து என் அக்கா கொடுத்தனுப்புவதைத் தோலோடு வறுத்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். நடுவில் குவிந்த பந்தயத்திலேயே கைவைத்து நான் உடைத்துத் தின்பேன். அவள் என் கையில் ஒரு தட்டு தட்டுவாள்.

அப்போதெல்லாம் அவள் என் முகத்தைத்தான் பார்ப்பாள். கையில் ஒன்றுமே இல்லாமல் நான் ஒரு பிடி மல்லாட்டையைத் தள்ளினால், சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு பெருமூச்சு விட்டு, ஆட்டத்தை விட்டுக்கொடுத்து மடித்துவிடுவாள். பெரும்பாலும் ஜெயிப்பது நான்தான். ஜெயிப்பதைவிட எனக்கு அந்தப் பார்வை பிடிக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பெண்டாட்டி நம்மை அப்படி உற்றுப் பார்க்க வேறு என்ன வழி இருக்கிறது?

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது சால்வர். அவள் லேப்டாப்பில் இறக்கிக்கொண்ட சாஃப்ட்வேர். ஆடி முடித்த ஆட்டத்தை அதில் ஏற்றினால், எந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று கட்டம் கட்டமாகக் காட்டும். சிவப்பு என்றால் இன்னும் போடு, பச்சை என்றால் அதே அளவு போட்டுப் பார், நீலம் என்றால் மடி. "பாதிய நீங்களே தின்னுட்டா பந்தயம் எத்தினின்னு நான் போடறது?" என்று திட்டிக்கொண்டே அதில் தட்டி ஏற்றுவாள். சாயங்காலம் நான் என் கடையை மூடிவிட்டு வந்தால் டீயை நீட்டும் கை மட்டும் என் பக்கம் இருக்கும். கண் அந்தக் கட்டங்களில்.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, பொறாமைதான். சக்களத்திக்கு ஆண்பால் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து அப்படி ஒரு சொல் இல்லை. பெண்டாட்டியைக் கொத்திக்கொண்டு போனது லேப்டாப் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூர் போனோம். ஸ்பெஷல் பஸ்ஸில் அதிர்ஷ்டத்துக்கு ஒரே சீட்டில் இடம் கிடைத்தது. அவள் என் தோளில் சாய்ந்து, "ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். நான் உருகிப்போய்க் குனிந்தேன். "போன வாரம் ராணிய வெச்சிக்கினு ஏன் மடிச்சீங்க? சால்வர்ல பச்ச காட்டுது." அன்றைக்கு அங்காளம்மனிடம் அந்த லேப்டாப்புக்காக நான் வேண்டிக்கொண்டதை வெளியில் சொல்ல முடியாது.

அம்மன் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அவள் என் தலைக்கு மேலே பார்க்க ஆரம்பித்தாள். எனக்குப் பின்னால் சுவர்க்கடிகாரம். இந்த மாதிரி சீட்டுக்கு மூன்றில் ஒரு தடவை போட வேண்டும், மற்ற நேரம் மடிக்க வேண்டும் என்று சால்வர் சொல்லிவிடுகிறதாம். அந்த ஒரு தடவை எது என்பதை விநாடி முள்ளை வைத்து முடிவு செய்கிறாள். முள் பன்னிரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் இருந்தால் போடுவாள், இல்லையென்றால் மடிப்பாள். எதிரில் நான் ஒருத்தன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பது கணக்கிலேயே இல்லை. வாரா வாரம் தோற்றேன்.

போன ஞாயிறு என்னிடம் ஏழும் நாலும்தான். கீழே விரித்த சீட்டு எதனோடும் சேரவில்லை. இருந்த மல்லாட்டையை எல்லாம் நடுவில் தள்ளினேன். அவள் கண் மேலே போனது. எனக்கு வந்ததே கோபம்.

"கடியாரத்துல இன்னாடி இருக்குது? ஆடறது நான்தானே? என்னப் பாரு!"

"உங்களப் பாத்தா எப்படிங்க ஆடறது?" என்றாள். "கையில ஒண்ணும் இல்லன்னா மூக்கத் தேச்சிக்குவீங்க. மொதல் வாரத்துல இருந்து எனக்குத் தெரியும்."

"அப்ப அத்தினி நாளு ஏன் மடிச்ச?"

"ஜெயிச்சா உங்க மூஞ்சி எப்படி ஆவுது தெரியுமா? சின்னப் புள்ள மாதிரி. அதுக்கோசரம் தெரிஞ்சே எத்தினி நாளு தோத்துக்கினே இருக்கறது? அதான் உங்களப் பாக்காம ஆடக் கத்துக்கினேன்."

"சரி, இன்னிக்கு மட்டும் பாரு" என்றேன்.

அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை இறக்கினாள். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பழையபடி என் முகத்தையே பார்த்தாள்.

எனக்கு மூக்கு அரித்தது.