ஓட்டையை அடைத்த அண்ணி

எங்கள் எம்பிராய்டரி பட்டறையில் பெரிய மெஷினை ஓட்டுவது என் அண்ணி. பன்னிரண்டு ஊசிகள் ஒரே நேரத்தில் ஒரே படத்தைத் தைக்கும் மெஷின் அது. நான் அதன் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தைத்து வரும் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுவேன். வாயைத் திறக்க அவசியமில்லாத வேலை. அதனால் பார்ப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும்.

அண்ணி இங்கே முதலில் வந்தது பெருக்குவதற்குத்தான். அப்போது மெஷின் ஓட்டியவர் டீ குடிக்கப் போகும்போது, அறுந்த நூலை அண்ணி கோத்து வைப்பார். பிறகு அடிநூல் சுற்றிய பாபினை மாற்றக் கற்றுக்கொண்டார். ஒருநாள் அந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அண்ணி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு மெஷினை ஓடவிட்டார். பதினோரு வருஷமாக அவர்தான் ஓட்டுகிறார்.

என்ன படம் தைக்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்வது பிளாப்பி. உள்ளங்கையில் அடங்கும் சதுரத் தட்டு. ஆபீஸ் அறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் படத்தை அதில் பதிந்து, கொண்டுவந்து மெஷினில் செருக வேண்டும். எங்களிடம் இருந்த பிளாப்பிகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. முதலாளி எங்கெங்கோ அலைந்து ஒரு பெட்டி வாங்கிவந்தார். மெஷின் ஒன்றைக்கூட ஏற்கவில்லை.

“குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி இருக்கு. எல்லாத்தையும் துப்புது” என்றார் அண்ணி.

ஆஸ்பத்திரி ஊழியர்களின் சட்டைக்கு எழுநூறு பேட்ஜ் சனிக்கிழமைக்குள் தரவேண்டும். அன்று செவ்வாய். “வியாழக்கிழமை மதியம் வரைக்கும் பார்ப்பேன். ஓடலைன்னா பழைய இரும்புக்காரன் வந்து தூக்கிட்டுப் போகட்டும்” என்றார் முதலாளி. புது மெஷின் வந்தால் அதற்குப் படித்த ஆளும் கூடவே வருவார். அண்ணி என்ன ஆவார் என்று அவர் சொல்லவில்லை. அண்ணி மூலையில் இருந்த துடைப்பத்தை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

சாப்பாட்டு நேரத்தில் பழைய பிளாப்பியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதற்கு ஒரு மூலையில்தான் ஓட்டை. புதியதற்கு இரண்டு மூலையிலும் ஓட்டை. மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

“அது நிறைய கொள்ளுற ரகம். உங்க மெஷினுக்குப் பழைய ரகம்தான் தெரியும்” என்றார் மெக்கானிக். “அந்த ரெண்டாவது ஓட்டைய வச்சுத்தான் எந்த ரகம்னு கம்ப்யூட்டர் தெரிஞ்சுக்குது.”

“அப்ப அதை அடைச்சுட்டா?”

மெக்கானிக் சிரித்தார். “பிளாஸ்திரி போடுங்க டாக்டரம்மா, சரியாயிடும்.”

அவர் கிண்டலுக்குச் சொன்னதை அண்ணி அப்படியே செய்தார். முதலில் கண்ணாடி டேப் ஒட்டினார். வெளிச்சம் அதற்குள் புகுந்து போய்விட, ஓட்டை வழியே வரும் வெளிச்சத்தை வைத்து ரகம் பார்க்கும் கம்ப்யூட்டர் ஏமாறவில்லை. பிறகு வயர்களுக்குச் சுற்றும் கருப்பு டேப்பை நூல் கத்திரியால் நக அளவுக்கு வெட்டி, நூல் கோக்கும் இடுக்கியால் ஓட்டையின் மேல் வைத்து, ஸ்பூனின் முதுகால் தேய்த்தார். கம்ப்யூட்டர் அதைப் பழைய ரகம் என்று நம்பியது. படம் பதிந்தது. மெஷின் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு பேட்ஜ் தைத்தது.

அன்று வீட்டில் அண்ணனுக்கு ஒரு பேட்ஜைக் காட்டினார். “என்ன, ஓட்டை அடைக்கிற வேலையா? குளியலறைக் குழாய் ஒழுகுது, அதையும் பாரேன்” என்றார் அண்ணன்.

“அது உங்க டிபார்ட்மென்ட்” என்றார் அண்ணி.

புதன்கிழமை காலையில் அதே பிளாப்பி பாதிப் படத்தில் நின்றது. வேறு நான்கு பிளாப்பிக்கு டேப் ஒட்டிப் பதிந்தார். அவையும் எங்கோ ஓரிடத்தில் திணறின. அரைகுறை பேட்ஜ்கள் கூடையில் குவிந்தன. மெஷின் திடீரென்று நின்ற அதிர்வில் ஓர் ஊசியும் உடைந்தது.

ஊசி உடைந்தால் அதன் துண்டுகள் எல்லாம் கிடைத்த பிறகுதான் துணி வெளியே போகும். உடம்பில் குத்திவிடக் கூடாதே. அதற்காகக் குச்சியில் கட்டிய பெரிய காந்தம் ஒன்று வைத்திருக்கிறோம். அண்ணி அதைத் தரையெல்லாம் தடவித் துண்டுகளைப் பொறுக்கினார். பிறகு, மனம் எங்கோ இருக்க, காந்தத்தை மேசைமேல் வைத்தார். அடியில் ஒரு பிளாப்பி கிடந்தது.

“காந்தத்தைக் கொண்டுபோய் அதுமேலயா வைப்பீங்க? சுத்தமா அழிஞ்சிருக்கும்!” என்று முதலாளி கத்தினார்.

“மறுபடி எழுதிடறேன் சார்” என்று அண்ணி மெதுவாகச் சொன்னார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக்குப் போகும்முன் அதில் படத்தை மறுபடி பதிந்தும் வைத்தார்.

வியாழக்கிழமை காலையில் ஐந்தையும் மாற்றி மாற்றிச் செருகினார். நான்கு நின்றன. ஒன்று மட்டும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடியது. மறுபடியும் ஓடியது. அதன் டேப் கோணலாக ஒட்டியிருந்தது. எனக்கு அது நினைவிருந்தது. கத்திரியைக் கீழே வைத்தேன்.

“அண்ணி, இது நேத்து காந்தத்துக்கு அடியில கிடந்ததுதான்.”

அண்ணி என்னையே பார்த்தார். “கடையில இருந்து வரும்போதே இதுல ஏதோ எழுதித்தான் வருது. அது போகாம மேலயே எழுதுறோம். கறையோட இருக்கிற துணிக்குச் சாயம் போட்டா எப்படிப் பிடிக்கும்? ஏய், எடு அந்தக் காந்தத்தை!”

பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் காந்தத்தால் வட்டமாகத் தேய்த்தார். டேப் ஒட்டினார். பழைய ரகமாக்கிப் பதிந்தார். பதினோரு மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. நிற்கவில்லை.

மதியம் இரும்புக்காரர் வண்டியோடு வந்தார். முதலாளி ஒரு பேட்ஜைக் கையில் வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு வேண்டாம்ப்பா.”

“பின்ன எப்ப வரட்டும் சார்?”

முதலாளி அண்ணியைப் பார்த்தார். அண்ணி திரும்பாமலே, “அண்ணே, வந்ததுக்கு ஓடாத ஃபேன் ரெண்டு இருக்கு, எடுத்துட்டுப் போங்க” என்றார்.

“அதான், அதை எடுத்துக்கோ” என்றார் முதலாளி. “மெஷின் இருக்கட்டும்.”

சனிக்கிழமை சாயங்காலம் எழுநூறும் போய்ச் சேர்ந்தன. அடுத்த வாரம் அதே ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் முந்நூறு கேட்டார்கள். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது, அடுத்த தெருப் பட்டறைக்காரர் பை நிறையப் பிளாப்பியோடு வாசலில் வந்து நின்றார்.

“இங்க ஒரு அம்மா பிளாப்பிக்கு வைத்தியம் பண்றாங்களாமே?”

அண்ணி மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான்தான். இது முடியட்டும், நாலு மணிக்கு வாங்க” என்றார்.