மடி மாறிய தம்பி

எங்கள் அம்மா வாழ்நாளில் இரண்டு ஆண்களின் பெயரை வாயால் சொன்னதில்லை. ஒருவர் அப்பா. இன்னொருவர், வாயைத் திறந்து ஒரு வரி பாடினாலே ஊரைக் கட்டிப்போட்டுவிடுகிற அந்த சினிமா நடிகர். இருவருமே அம்மாவுக்கு ‘அவுக’தான். “அவுகளுக்குத் தொண்டை கட்டியிருக்காம்” என்று அம்மா கண்கலங்குவாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இருமிக் காட்டுவார், பாவம்.

அப்பாவுக்கு வில்லாபுரத்தில் வயலும் நாலு மாடும். சினிமா என்றால் அவருக்கு ஆகாது. அதனால் மதுரைக்குப் புறப்படும்போதெல்லாம் அம்மா, “மீனாட்சியக் கும்பிட்டுட்டு வாரேன்” என்றுதான் சொல்லுவாள். தெற்குக் கோபுரத்தைப் பார்த்து, தெருவில் நின்றபடியே அவசரமாக ஒரு கும்பிடு. பிறகு நேரே கொட்டகை. கும்பிட்டுவிட்டதால் சொன்னது பொய்யில்லை என்பது அம்மாவின் கட்சி.

அந்தத் தடவை எனக்கு ஏழு வயது, தம்பிக்கு ஐந்து மாதம். தம்பியைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னைக் கூட்டிப்போனாள். பகல் ஆட்டம். பெண்கள் பக்கம் தரையில் உட்கார வேண்டும். ஆண்களுக்கும் எங்களுக்கும் நடுவே இடுப்பளவுக்கு ஒரு சுவர். பிள்ளை அழுதால் சுவருக்கு அந்தப்புறமிருந்து, “வெளிய கொண்டு போம்மா” என்று கத்துவார்கள். அவர் பாடும்போது எந்தத் தாய் எழுந்து போவாள்? அதற்காகப் பெண்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அழுகிற பிள்ளை மடிக்கு மடி போகும். எந்த மடியில் அடங்குகிறதோ அங்கேயே இருக்கும். படம் முடிந்ததும், “இது யாரு பிள்ள?” என்று தூக்கிக் காட்டுவார்கள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றைக்குக் கதாநாயகன் பெண்டாட்டி பிள்ளையைப் பிரிந்து ஆற்றங்கரையில் நின்று பாட ஆரம்பித்தார். தம்பி வீலென்று ஆரம்பித்தான். அம்மா தட்டினாள், ஆட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் இருந்த தடித்த அம்மாள் கையை நீட்டினாள்.

“இங்கிட்டுக் குடு தாயி. நீ பாட்டக் கேளு.”

அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கொடுத்தாள். மூன்றாவது மடிவரை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது அவர் குரலை மேலே ஏற்றினார் பாருங்கள், எனக்குத் தம்பியாவது ஒன்றாவது! சற்று நேரத்தில் அவன் அழுகையும் நின்றுபோயிற்று.

படம் முடிந்தது. நாலு பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். நாலில் ஒன்றும் எங்கள் தம்பி இல்லை.

“எம்புள்ள எங்கக்கா?” என்று அம்மா தடித்த அம்மாளைக் கேட்டாள்.

“முன்னால குடுத்தேனே தாயி.” முன்னால் இருந்தவள் பின்னால் கொடுத்தாளாம். பின்னால் இருந்தவர்கள் எழுந்து போயிருந்தார்கள். கதவைத் திறந்துவிட்டதில் பாதிப் பெண்கள் தெருவுக்கே போய்விட்டார்கள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “ஒன்ன எதுக்குடி கூட்டியாந்தேன்?” என்று என் தொடையில் ஒரு கிள்ளு. பிறகு கொண்டை அவிழ்ந்து தொங்க, “எம்புள்ள, எம்புள்ள” என்று ஒவ்வொருத்தியின் முந்தானையாகப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். “ஆத்தா மீனாட்சி, பிள்ளயக் காட்டிக் குடுத்துரு. இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்” என்று கதறினாள். கோயிலில் தொலைந்துவிட்டான் என்று அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் புத்தி அப்படி!

கடைசித் தூணுக்குப் பின்னால் ஓர் இளவயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். படம் முடிந்ததே அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. தம்பி அவள் கையில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். கூட வந்த கிழவி, “குடுத்துருத்தா, அவங்க ஆத்தா தேடுவாள்ல” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அம்மா பாய்ந்து பிடுங்கினாள். தம்பியின் தலையை மோந்து மோந்து அழுதாள். அப்பாடா! எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு அம்மா அந்தப் பெண்ணை வைவதற்குத் திரும்பினாள்.

“ஏண்டி, அறிவிருக்கா ஒனக்கு...”

அத்தோடு நின்றுவிட்டாள். அந்தப் பெண்ணின் ரவிக்கை முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. தம்பி ஒன்றுக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். அது அவன் வழக்கம்தான். அம்மா தம்பியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் முந்தானையை இழுத்து மார்பை மூடிவிட்டு, முகத்தைத் துடைத்தாள்.

“இன்னொரு தடவ தூக்கிக்கிறவாக்கா?” என்று அவள் கேட்டாள். அத்தனை தேடித் தவித்த அம்மா, என் கையிலிருந்து தம்பியை வாங்கி அவளிடமே கொடுத்தாள். அவள் அழ ஆரம்பித்தாள். கொட்டகைக்காரன் வந்து விரட்டும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.

வண்டியில் வரும்போது, “அந்தக்கா ஏம்மா அழுதுச்சு?” என்று கேட்டேன்.

“அவுக பாட்டக் கேட்டா யாருக்குத்தான் அழுக வராது?” என்றாள் அம்மா.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. அடி விழவில்லை, தம்பி மடியில் இருக்கிறான், அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவின் சபதமும் ஒரு மாதம் தாங்கவில்லை. அழுத பிள்ளையை ஒரே பாட்டில் தூங்கவைத்தவர் என்று அவர் பெருமையைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் சொன்னேன், கட்டிக்கொடுத்த வீட்டிலும் சொன்னேன்.

எனக்குத் தலைப்பிள்ளை பிறந்து அம்மா வீட்டில் இருந்தபோது, ஒருநாள் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அழுதது. என் ரவிக்கை நனைந்தது. அப்படியே எழுந்து அடுப்படிக்குப் போய் அம்மா முன்னால் நின்றேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அன்னிக்குக் கொட்டகையில இருந்துச்சே, அதுக்குப் பிள்ள போயி மூணு வாரம்கூட ஆகலையாம்டி” என்றாள். “ஒரு பொட்டுக் கண்ணீர் விடாம இருக்காளேன்னு, அவுக பாட்டக் கேட்டாவது அழுகட்டும்னு மாமியாக்காரி கூட்டியாந்திருக்கா.”

தம்பிக்கு இது தெரியாது. இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால், “என்னையவே தூங்கவச்ச குரலுக்கா” என்பான். ஆமாம் தம்பி என்பேன் நான்.