சித்தேரிப் பேய் கரையேறிய இடம்

கோமளா இதுவரை ஐந்து படங்களில் பேயாக நடித்திருக்கிறாள். ஒன்றில்கூட அவள் முகம் தெரியாது. இடுப்பைத் தாண்டித் தொங்கும் முடியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தண்ணீரிலிருந்து எழுந்து வர வேண்டும், அவ்வளவுதான். எல்லாம் யூடியூபுக்காக எடுக்கும் சின்னப் படங்கள். விளக்குகளுக்கு வசதி இல்லாததால் உச்சிவெயிலில் எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் இருட்டாக்கிக்கொள்வார்கள். பார்க்கிறவர்களுக்கு அது அமாவாசை. அவளுக்கு மண்டை காயும் மத்தியானம்.

மற்ற நாட்களில் அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கேன்டீனில் இட்லி ஊற்றும் வேலை. வீடு திருமுல்லைவாயில் பக்கம், சித்தேரிக் கரையில். அப்பா அந்த ஏரியில் வலை போட்டவர். நடக்கப் பழகிய வருஷமே நீந்தவும் பழகிவிட்டவள் அவள். மூச்சடக்கி முங்கினால் ஒரு நிமிஷத்துக்குமேல் உள்ளேயே இருப்பாள். இப்போது ஏரியில் யாரும் வலை போடுவதில்லை. எதையும் தாங்கும் கெளுத்தி மீனே செத்து மிதக்கிற தண்ணீரில் யார் வலை போடுவார்கள்?

ஆறாவது படத்துக்கு அவளைக் கூப்பிட்டவர் ராகவன். மதுரைக்காரர், ஐ.டி.யில் வேலை, எதிர்க்கரையில் எழும்பிய முந்நூறு வீட்டு அபார்ட்மென்டில் குடியிருக்கிறார். மனிதர்கள் கொன்றுபோட்ட ஏரி ஒரு பெண்ணாக எழுந்துவந்து பழிவாங்குகிறது என்பது கதை. கேட்டதும் கோமளா ஒப்புக்கொண்டாள். ஏரிக்காகக் கோபப்பட ஒருவராவது கிடைத்தாரே என்று இருந்தது.

படப்பிடிப்பின் முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்த நினைப்பில் மண் விழுந்தது. ஏரியில் ஏற்கெனவே நுரை மிதந்தது. அது கேமராவில் அழுக்காகத் தெரிகிறது என்று இரண்டு பக்கெட் ஷாம்பு கரைத்து வெள்ளை நுரை உண்டாக்கினார்கள். அதன்மேல் பச்சைச் சாயம் வேறு.

“ஏரிய காப்பாத்துற படத்துக்கு ஏரியிலயே சாயம் ஊத்திக்கினு கீறீங்களே சார்?” என்றாள் கோமளா.

“கொஞ்சம்தானேக்கா, கரைஞ்சு போயிரும்.”

அவள் எதிர்க்கரைப் புதரைக் காட்டினாள். “அதோ, அந்தப் புதருக்குப் பின்னால ஒரு பைப்பு கீது பாருங்க. உங்க ஃபிளாட்டு கக்கூஸ் தண்ணி. அத்த எடுங்க. நுரை இன்னா, நாத்தம்கூட படத்துல வரும்.”

“எங்க ஃபிளாட்டுல சுத்திகரிப்பு பிளான்ட் இருக்குக்கா.”

“கீதுன்னு தெரியும் சார். ஓடுதா?”

ராகவன் கேமராவை வேறு பக்கம் திருப்பினார்.

அடுத்த ஞாயிறு கடைசிக் காட்சி. பேய்க்குக் குரல் கொடுக்கிற நிவேதிதா ராகவனின் மனைவி. மரத்தடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு பயிற்சி செய்துகொண்டிருந்தாள். “கரையில குடிசை போட்டீங்க. குப்பையைக் கொட்டி என்னைக் கொன்னீங்க. இனி ஒருத்தரும் இங்க இருக்கக் கூடாது.”

ஈரப் புடவையோடு நின்ற கோமளா தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு சரசாவை வாசலில் உட்கார்ந்து மீன் கழுவச் சொல்லியிருந்தார்கள். “நடிக்கவே வேணாம், சும்மா உக்காருங்க” என்றார்களாம். பேய் அந்தக் கரையில் ஏறி, சரசாவின் கழுத்தைப் பிடிக்க வேண்டும்.

“இது யூடியூபுக்குத்தானேம்மா?” என்று கேட்டாள் கோமளா.

“அதுக்கு முன்னாடி சனிக்கிழமை எங்க அசோசியேஷன் மீட்டிங்ல போடுறோம்க்கா. அதிகாரிங்க வர்றாங்க. கரையில இருக்குற நாப்பது வீட்டையும் எடுக்கச் சொல்லி மனு குடுக்குறோம்ல, அதுக்கு சப்போர்ட்டா இருக்கும்.”

நிவேதிதா கள்ளமில்லாமல்தான் சொன்னாள். அந்த நாற்பதில் ஒன்று கோமளாவின் வீடு என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு ஞாயிறும் கூடவே சாப்பிட்டார்கள், ‘அக்கா, அக்கா’ என்று வாய் நிறையக் கூப்பிட்டார்கள். உங்கள் வீடு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

எவ்வளவு நெஞ்சழுத்தம்! மேலேயிருந்து முந்நூறு வீட்டுக் கழிவு இறங்குகிறது, பழி மீன் கழுவுகிற சரசாமேல். அதைச் சொல்ல ஏரியின் வாய், ஏரிக்குக் கோமளாவின் உடம்பு.

ட்ரோன் ஓட்ட வந்தவன் பட்டாபிராமைச் சேர்ந்த முகமது ஆசிக். “பேய் எங்க போகுதோ நீயும் போ, இடையில வெட்டக் கூடாது, ஒரே ஷாட்” என்று ராகவன் அவனுக்கு ஏழெட்டு முறை சொல்லியிருந்தார். அபார்ட்மென்ட் பால்கனிகளில் செல்போனோடு கூட்டம். பேயைப் பார்க்கத்தான்.

கோமளா மூச்சை இழுத்து முங்கினாள். சரசா வீட்டுப் பக்கம் போக வேண்டியவள், உள்ளே திரும்பி எதிர்க்கரையை நோக்கி நீந்தினாள். கண் எரிந்தது. நடுவில் ஒருமுறை தலை தூக்கினாள். ஆசிக் அந்தக் கறுப்பு முடியைத் திரையில் பிடித்துக்கொண்டான். ட்ரோன் அவள் பின்னாலேயே போனது.

“கட், கட்” என்று ராகவன் கத்தினார்.

“ஒரே ஷாட்டுன்னீங்களே அண்ணாத்தே” என்றான் ஆசிக், திரையிலிருந்து கண் எடுக்காமல்.

கோமளா புதரை விலக்கிக்கொண்டு பைப்புக்கு நேர் கீழே எழுந்தாள். கறுப்புத் தண்ணீர் கொடகொடவென்று அவள் தலையில் கொட்டியது. நகரவில்லை. ஐந்து படங்களாக மூடியிருந்த முகத்திலிருந்து முடியை இரண்டு கையாலும் ஒதுக்கினாள். பிறகு கையை உயர்த்தி, மேலே பால்கனிகளைக் காட்டினாள். அத்தனை செல்போன்களிலும் அது பதிவானது.

ராகவன் கரையைச் சுற்றி மூச்சிரைக்க ஓடிவந்தார். “என்னக்கா பண்றீங்க? இது நம்ம கதையிலயே இல்லையே.”

“உங்க கதையில இல்ல சார். ஏரியில கீது.”

சனிக்கிழமை மீட்டிங்கில் படம் போடவில்லை. அதற்குள் பால்கனி வீடியோ ஆவடி வரைக்கும் சுற்றிவிட்டது. வந்த அதிகாரி மனுவைக் கையில் வைத்துக்கொண்டே, அந்தப் பைப் யாருடையது என்று கேட்டாராம். கீழே போய்ப் பார்க்கலாம் என்று அவர் சொன்னதும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மனு கிடப்பில் கிடக்கிறது. நாற்பது வீடும் நிற்கிறது. பைப்பை மட்டும் இன்னும் அடைக்கவில்லை. அதன் வாயை மறைத்துப் பிளாஸ்டிக் இலைக்கொடி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், பார்க்கப் பச்சையாக.

கோமளாவுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். மூன்று வாரம் கேன்டீனுக்குப் போக முடியவில்லை. ராகவன் அதன்பிறகு கூப்பிடவில்லை. வேறு யாராவது பேய் வேஷத்துக்குக் கூப்பிட்டால், இப்போதெல்லாம் அவள் தேதியைக் கேட்பதற்கு முன் ஒன்று கேட்கிறாள்.

“பேய் யார புடிக்குது? அத்த மொதல்ல சொல்லு.”