அலைவரிசை நழுவிய ஞாயிற்றுக்கிழமை

சண்டை நடந்த அந்த வருடங்களில் எங்கள் ஊரான கொக்குவிலில் கரண்ட் இல்லை, பற்றரியும் கிடைக்காது. மிச்சமிருந்த மின்சாரம் சைக்கிளில்தான். சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ ஓடும். அதிலிருந்து இரண்டு வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்போம். ரேடியோ திருத்துவது என் தொழில். அயலில் பாதி வீட்டுக்கு இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன் நான்தான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

இதில் ஒரு தொல்லை. அனுப்புகிற நிலையத்தின் அலைக்கு ஒத்தபடி, வாங்குகிற ரேடியோவுக்குள்ளும் ஓர் அலை பிறக்க வேண்டும். இரண்டும் பிசகாமல் கூடவே போனால்தான் குரல் தெளியும். பெடலை வேகமாய்ச் சுற்றினால் மின்சாரம் ஏறும், உள்ளே பிறக்கிற அலை விலகும், நிலையம் நழுவிவிடும். மெதுவாய்ச் சுற்றினால் மற்றப் பக்கம் நழுவும். விறகுக்கும் தண்ணீருக்கும் சீனிக்கும் அலைந்து, ஷெல் சத்தத்துக்குப் பங்கர் குழிக்குள் இறங்கி ஏறி, சோர்ந்துபோன கையால் ஒரே சீராய்ச் சுற்ற வேண்டும். யாரால் முடியும்?

கப்பல் வேலைக்குப் போன என் அண்ணையிடமிருந்து எட்டு மாதமாய்க் கடிதம் இல்லை. வெளிநாட்டு வானொலி ஒன்று ஞாயிறு பின்னேரங்களில், உறவினர்கள் அனுப்பும் செய்திகளை ஊர் ஊராக வாசித்தது. அண்ணையின் மனைவி, என் மச்சாள், ஒரு கிழமையும் தவறவிட்டதில்லை. பெடலை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார். அண்ணை உயிரோடு இருக்கிறாரா என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு அறிவிப்பாளர், "அடுத்தது கொக்குவில்" என்றார். மச்சாளின் கை தன்பாட்டில் வேகமெடுத்தது. குரல் இரைச்சலுக்குள் மறைந்தது.

"மெதுவாச் சுத்துங்கோ மச்சாள்!" என்று கத்தியபடி நான் ரேடியோவின் குமிழைத் திருப்பி நிலையத்தைத் தேடினேன்.

"மெதுவாத்தானே சுத்துறன் தம்பி!"

அவர் வேகத்தைக் குறைத்தார். நான் பிடித்து வைத்த இடத்திலிருந்து நிலையம் மறுபடி விலகியது. நான் மறுபக்கம் திருப்பினேன். அவர் பயந்து வேகத்தைக் கூட்டினார். ஒருவழியாய்ப் பிடித்தபோது அறிவிப்பாளர் அடுத்த ஊரான இணுவிலுக்குப் போய்விட்டார்.

"உங்கடை அவசரத்தாலைதான் எல்லாம் கெட்டது" என்றேன். எனக்கு ஆத்திரம். மச்சாள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அயலில் விசாரித்தேன். ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில்; ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் எல்லாக் கையும் வேகமெடுத்திருக்கிறது. கொக்குவிலுக்கு வந்த செய்தியைக் கொக்குவிலே சேர்ந்து தொலைத்துவிட்டது. சிரிக்கவும் தெம்பில்லை.

நாலாம் நாள் சண்டிலிப்பாயிலிருந்து மச்சாளின் சித்தப்பா சைக்கிளில் வந்தார். புகையிலைத் தோட்டக்காரர். வெளிநாட்டில் அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கொக்குவில் என்றதும் கை பதறாமல் சுற்றிக் கேட்டிருக்கிறார்.

"நீங்களும் கேட்டிருப்பியள் எண்டெல்லோ நினைச்சன்! மருமோன் சுகமா இருக்கிறாராம் பிள்ளை. வேற கப்பலுக்கு மாறிட்டாராம். யோசிக்க வேண்டாமாம்."

மச்சாள் இன்னொருக்காச் சொல்லச் சொன்னார். பிறகும் சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை அழுதுவிட்டார். சித்தப்பா போனபின் என்னிடம் வந்தார்.

"நான் பொறுமையாச் சுத்தியிருந்தா அதை நானே கேட்டிருப்பன், என்ன தம்பி? என்ரை பிழைதான்."

அந்த நாலு நாளுக்குள் எனக்கு விஷயம் விளங்கியிருந்தது. நான் குமிழைத் தொடாமல் இருந்திருந்தால், அவர் கை பழைய வேகத்துக்கு வந்ததும் குரலும் பழைய இடத்துக்கே வந்திருக்கும். ஒருவர் மட்டும்தான் சரிசெய்ய வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் துரத்தினால் பிடிபடாது. இது மச்சாளுக்குத் தெரியாது. தொழில் தெரிந்தவன் நான்.

"ஓம் மச்சாள்," என்று ஆமோதித்தேன், "இனியாவது பாத்துச் சுத்துங்கோ."