நான்காவது திருகாணி

அருள்சாமி முதலில் பெடலை மோந்து பார்ப்பார். தையல் மெஷினைக் கொண்டுவந்தவர் என்ன கோளாறு என்று சொல்லத் தொடங்கினால், இடது கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். பெடலைக் கவிழ்த்து மூக்கருகே வைத்துக் கண்ணை மூடுவார். "கருவாட்டு வாசம் அடிச்சா உள்ள கருகிப்போச்சுன்னு அர்த்தம். மண்ணு வாசம்னா ஈரம். ஒண்ணுமே அடிக்கலன்னா வயரு அறுந்திருக்கும்." பத்துக்கு ஒன்பது முறை மூக்கு சொன்னதுதான் சரியாக இருக்கும். பத்தாவது முறை அவருக்குச் சளி பிடித்திருக்கும்.

வயது அறுபத்தெட்டு. எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் வயர்மேனாக இருந்தவர். இலை உருட்டும் இயந்திரத்தின் மோட்டார் இன்றும் முரண்டு பிடித்தால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் எஸ்டேட் துரை, ஓய்வுபெற்ற பிறகும் அவரை லயத்து வரிசை வீட்டிலேயே இருக்க விட்டிருக்கிறார். தேயிலைக்காட்டில் பிறந்து வளர்ந்தவர் குடிப்பதோ கோப்பி. கேட்டால், "அத ஆயுசு முழுக்க மோந்தாச்சுலா" என்பார்.

மற்ற நேரமெல்லாம் பழைய மெஷின்கள்தான். கறுப்புத் தலை, முதுகில் மோட்டார், காலடியில் பெடல். கடையில் புது மெஷின் கிடைக்காமல் இல்லை. ஆனால் மலைமேலிருக்கும் திரிங்காப், கோலா தெர்லா ஊர்களின் காய்கறித் தோட்டக்காரர்கள் செடிக்கு மேல் கட்டும் கறுப்பு வலையை மடித்துத் தைக்க அதற்குத் தெம்பு போதாது. லோரியில் மெஷினை ஏற்றிக் கொண்டுவருவார்கள். அவர் வேலை முடிக்கும்வரை இஞ்சினைக்கூட அணைக்க மாட்டார்கள். முட்டைக்கோஸ் காத்திருக்காது.

லயத்தில் அவர் வீட்டுக்கு இருபுறமும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளிகள். மரியாதையான பிள்ளைகள். சாயங்காலம் ஆனால் கைப்பேசியில் தங்கள் வீட்டாரோடு பேசுவார்கள். அருள்சாமிக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். "யாரோ யாரோடயோ பேசுறாங்கல்ல டீச்சர், அது போதும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகள் நடாலி ஜோகூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூப்பிடுவாள். ஐந்து நிமிடம் பேசுவாள்.

மலைப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த நான் அவரிடம் முதன்முதலில் போனது பயந்துபோய். ஒரு பிற்பகல், யாரும் மிதிக்காமலே என் மெஷின் தானாகத் தைக்கத் தொடங்கிவிட்டது. ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்து நான் வாசலுக்கே ஓடிவிட்டேன். அருள்சாமி சிரிக்கக்கூட இல்லை. "பேயுமில்ல பிசாசுமில்ல. கெப்பாசிட்டரு செத்துப்போச்சு. சுவிட்ச அடைச்சா போதாது டீச்சர், பிளக்க புடுங்கி வைக்கணும்."

அன்று பெடலைத் திறந்து எனக்குப் பாடமே நடத்தினார். உள்ளே இரண்டு பீங்கான் குழாய்கள். அவற்றில் சட்டைப் பொத்தான் அளவுக் கரித்தகடுகள் அடுக்கடுக்காக இருந்தன. மிதித்தால் தகடுகள் நெருங்கும், மின்சாரம் கூடும், மெஷின் வேகமெடுக்கும். "ஒரு கொழாயில முப்பத்தாறு. ஒண்ணு கொறஞ்சாலும் காலுக்குத் தெரிஞ்சிடும்." பெடலோடு ஒரு பல்பை இணைத்துக் கையால் அமுக்கினார். பல்பு மெல்லச் சிவந்து, மெல்ல வெளுத்தது. பிறகு என்னை உட்காரவைத்தார். யார் மெஷினோ அவர் கால்தான் மிதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். வெறுங்காலாக இருக்க வேண்டும். "சப்பாத்து போட்ட காலுக்கு ஒண்ணும் தெரியாது."

இன்னொரு வழக்கமும் உண்டு. பெடலின் அடிமூடிக்கு நான்கு திருகாணிகள். அவர் மூன்றைத்தான் திரும்பப் பூட்டுவார். நான்காவது, மேசையிலிருக்கும் ஜாம் போத்தலுக்குள் போய்விடும். மலையிலுள்ள அத்தனை பெடல்களின் நான்காவது திருகாணியும் அதற்குள் கிடக்கும். "மறுபடி தொறக்கத்தானே போறோம்? மூணு போதும்லா."

என் பெடல் அடிக்கடி திறக்கப்பட்டது. ஆறு வாரம் ஒழுங்காக ஓடும். பிறகு மிதித்தால் அசையாது, இன்னும் மிதித்தால் திடீரென்று பாயும். தூக்கிக்கொண்டு போவேன். கோப்பி வரும். என் கணவருக்குத் தொலைவில், பெக்கானில் வேலை. வீட்டில் எனக்காகக் காத்திருக்கவும் ஆளில்லை. மூடுபனி இறங்கும்வரை பேசிக்கொண்டிருப்போம். சரியாகச் சொன்னால், அவர் பேசுவார். வாரக்கணக்கில் சேர்த்துவைத்த பேச்சு அது. மோட்டார், மழை, நடாலி ஐந்து வயதில் சொன்னது எல்லாம் முட்டிமோதிக்கொண்டு வரும். கூலியை முதல்முறை மட்டும்தான் வாங்கினார்.

ஒருநாள் பிரிஞ்சாங்கில் தையல்கடை வைத்திருக்கும் கத்தரீனிடம் என் பெடலைப் பற்றிப் புலம்பினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அங்கிள் கை வெச்சதா? என்னோடத செஞ்சு ஏழு வருசமாச்சு. இன்னும் ஒரு தடவகூட தொறக்கல."

வீட்டுக்கு வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு நானே பெடலைத் திறந்தேன். தகடுகளை எண்ணினேன். ஒரு குழாயில் முப்பத்துமூன்று. மற்றதிலும் முப்பத்துமூன்று. குறைந்த இடத்தை, தகடுகளை நெருக்கிப் பிடிக்கும் ஓரத்து ஆணியை முடுக்கி ஈடுகட்டியிருந்தார். மெஷினின் நடுக்கத்தில் அந்த ஆணி தளர ஆறு வாரம் ஆகும் போலிருக்கிறது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. படித்தவளை இப்படியா ஏமாற்றுவது? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பதென்று முடிவு செய்தேன். ஆனால் மலையிலுள்ள இத்தனை பெடல்களில் என் பெடலில் மட்டும்தான் அவர் தகடுகளைக் குறைத்து வைத்திருக்கிறார் என்பது அன்று இரவு சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. மற்றவர்கள் இஞ்சினை அணைக்காதவர்கள். கோப்பி குடித்தவள் நான் ஒருத்திதான். சோற்றுத் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் மூன்று முறை பெடலைத் தூக்கிக்கொண்டு போனேன்.

போன சனிக்கிழமை போனது நான்காவது முறை. அவர் பெடலை மூக்குக்குக் கொண்டுபோன நேரத்தில் சொன்னேன். "எனக்கு மாற்றல் வந்திடுச்சு அங்கிள். பெக்கானுக்கு. அடுத்த வாரம் போறேன்."

பெடல் மூக்கருகிலேயே நின்றது. மோந்து பார்க்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

"நல்லதுலா. சார்கூட இருக்கலாம்" என்றார். பிறகு, "அந்தப் பக்கம் இதெல்லாம் பாக்க ஆளு இருக்கா?" என்றார்.

"தெரியல அங்கிள்."

"இருக்காது."

எழுந்து உள்ளே போனார். ஒரு தைல டப்பாவோடு வந்தார். மூடியைத் திறந்து துணியில் கவிழ்த்தார். ஆறு கரித்தகடுகள். ஒவ்வொன்றையும் துடைத்து, ஒரு குழாயில் மூன்று, மற்றதில் மூன்று என்று இறக்கினார். நான் வாசல் வழியாகத் தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் கைப்பேசியில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தான்.

ஓரத்து ஆணியைத் தளர்த்தினார். பல்பில் பார்த்தார். என்னை உட்காரச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தேன். மெஷின் நடப்பதுபோலத் தொடங்கி, கால் கேட்ட அளவுக்கு வேகமெடுத்தது. காலை எடுத்ததும் நின்றது. இரண்டு வருடத்தில் அது இவ்வளவு நன்றாக ஓடி நான் பார்த்ததில்லை.

அவர் பெடலைக் கவிழ்த்து அடிமூடியைப் பொருத்தி மூன்று திருகாணிகளையும் முடுக்கினார். நான் பையை விரித்துக்கொண்டு கை நீட்டினேன்.

"இருங்க டீச்சர்" என்றார். ஜாம் போத்தலை ஒரு பழைய செய்தித்தாளில் கவிழ்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, விரலால் கிளறிக் கிளறி, வெகுநேரம் தேடினார். கடைசியில் ஒன்றை எடுத்து நான்காவது துளையில் வைத்து, இதற்குமேல் சுற்றாது என்னும்வரை முடுக்கினார்.